‘கார்பேஜ் வேல்யூ’னு எழுதினா மட்டும் போதுமா?

பாண்டியில இருந்து பேசுறேன். வில்லியனூர்ல இருந்து இறுதியாண்டு மாணவி ஒருத்தங்க கேட்டிருக்காங்க: “அஞ்சு பாட மார்க்கைக் கூட்டுற சி புரோகிராம் என் லேப்டாப்ல சரியா ஓடுச்சு. கேம்பஸ் டெஸ்ட்ல அதே கோடுக்குத் தப்பான விடை. அடுத்த மாசம் இன்னொரு கம்பெனி வருது. சர்வர் கோளாறா அண்ணா?”

சர்வர் மேல தப்பு இல்லம்மா. ஃபங்ஷனுக்குள்ள ‘இன்ட் டோட்டல்’னு அறிவிச்சுட்டு, பூஜ்யம் போடாமலே கூட்ட ஆரம்பிச்சிருக்கீங்க.

சி மொழியில குளோபல், ஸ்டாட்டிக் வேரியபிளுக்குத் தானாகவே பூஜ்யம் கிடைக்கும். ஃபங்ஷனுக்குள்ள அறிவிக்கிற சாதாரண வேரியபிளுக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. சீசன்ல நம்ம ஊர் லாட்ஜ்ல ரூமைக் கூட்டாமலே சாவி கொடுத்தா எப்படி இருக்கும்? ஸ்டாக் மெமரியும் அப்படித்தான். யாருமே தங்காத ரூம்னா, ஆபரேட்டிங் சிஸ்டம் துடைச்சுக் கொடுத்த பூஜ்யம் அப்படியே இருக்கும், விடையும் சரியா வரும். ஏற்கெனவே வேற ஃபங்ஷன் தங்கியிருந்தா, அது விட்டுட்டுப் போனதுதான் உங்க டோட்டல்.

விஷுவல் ஸ்டுடியோ டீபக் மோட்ல இப்படி ஒரு வேரியபிளைப் பிரிண்ட் பண்ணா -858993460னு வர்றதைப் பார்த்திருப்பீங்க. அது தற்செயல் இல்ல. தப்பு கண்ணுல படணும்னு கம்பைலரே ஒவ்வொரு பைட்லயும் ஹெக்ஸ் ‘சிசி’யை நிரப்பி வைக்குது.

காலேஜ் பரீட்சையில ‘கார்பேஜ் வேல்யூ’னு எழுதினா மார்க் கிடைச்சிடும். ஆனா, உள்ள ஏதோ ஒரு எண் நிலையா இருக்குனுகூட நம்ப முடியாது. ஆப்டிமைசேஷன் போட்டா கம்பைலர் அந்த ரூம் கதவையே திறக்காம, தன் வசதிக்கு கோடை மாத்திடலாம். மதிப்பு கொடுக்காத ஒரே பூலியனை வச்சு ‘உண்மைனா இது’, ‘பொய்னா அது’னு ரெண்டு இஃப் எழுதினா, ரெண்டுமே ஓடலாம்!

இது மார்க்கோட நிக்கிற விஷயமும் இல்ல. மெமரியில விட்டுப்போன பழைய தகவல் வெளியே கசியலாம். அதனாலதான் ஆண்ட்ராய்டு 11ல கூகுள் இந்த மாதிரி மெமரியைத் தானாகவே பூஜ்யமாக்க ஆரம்பிச்சாங்க. 2022ல வந்த ஜிசிசி 12லயும் அதுக்கு ஒரு ஆப்ஷன் இருக்கு.

ஆனா டெஸ்ட் சர்வர்ல அது இருக்கும்னு நம்பி இருக்காதீங்க. அறிவிக்கும்போதே மதிப்பு கொடுங்க. ‘மைனஸ் டபிள்யூ ஆல்’, ‘மைனஸ் ஓ டூ’ ரெண்டையும் போட்டு கம்பைல் பண்ணி, வர்ற வார்னிங்கைப் படிங்க. வால்கிரைண்ட்ல ஒரு தடவை ஓட்டுங்க. முடிஞ்சா கிளாங்லயும் கம்பைல் பண்ணிப் பாருங்க.

உங்க லேப்டாப்ல சரியான விடை வந்ததாலேயே புரோகிராம் சரினு ஆகிடாது. அடுத்த டெஸ்டுக்கு வாழ்த்துகள். அடுத்த எபிசோட்ல பேசுவோம்.