எடையைக் கேட்காதீங்க, தேதியைக் கேளுங்க



கடன், வட்டி, சேமிப்பு எல்லாத்தையும் சத்தமாப் பேசுற நாம, மாதவிலக்கை மட்டும் குசுகுசுன்னு பேசுறோம். இன்னைக்கு அதைச் சத்தமாப் பேசணும்.

நீர்க்கட்டின்னு சொல்றோமே, அதை டாக்டர்கள் பி.சி.ஓ.எஸ். என்கிறார்கள். 1935இல் சிகாகோவில் ஸ்டெயின், லெவந்தால் என்ற இரு மருத்துவர்கள் இதைப் பற்றி எழுதினார்கள். குழந்தை பெறும் வயதுள்ள பெண்களில் பத்தில் ஒருவருக்காவது இது இருக்கும், அவர்களில் 70 சதவீதம் பேர் வரை தெரியாமலே இருக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

எனக்கும் இருக்கு. தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை பார்த்த நாள்ல, எந்தச் சடங்கு வீட்டுக்குப் போனாலும் "என்ன தாயி, இப்படி ஊதிட்ட?"ன்னு கேப்பாக. கழுத்துல அழுக்குன்னு பீர்க்கங்காய் நாரு போட்டுத் தேய்க்கச் சொன்னாக. தோல் எரிஞ்சதுதான் மிச்சம். "மாசாமாசம் சரியா வருதா?"ன்னு ஒருத்தரும் கேக்கலை.

அது அழுக்கு இல்லை தாய்மாரே. உடம்புல இன்சுலின் சரியா வேலை செய்யாதபோது, உடம்பு அதைக் கூடுதலாச் சுரக்குது. கழுத்துக் கறுப்பு அதோட அடையாளம். அந்தக் கூடுதல் இன்சுலின், சினைப்பையில ஆண் ஹார்மோனைக் கூட்டுது. அதனாலதான் மாதவிலக்கு தள்ளுது, முகத்துல முடியும் பருவும் வருது. எடையும் லேசுல ஏறுது. சோம்பேறித்தனத்தால வந்ததில்லை. ஒல்லியான பிள்ளைக்கும் இது வரும்.

பட்டினி கிடக்க வேண்டாம். எடை கூடினவங்க நூத்துக்கு அஞ்சு பங்கு குறைச்சாலே பலருக்கு மாதவிலக்கு சீராகுது. எண்பது கிலோன்னா நாலு கிலோதான். நம்ம கரிசல் கம்பும் குதிரைவாலியும், பயறும் கீரையும் அளவாச் சாப்பிட்டு, தினம் அரை மணி நேரம் வேகமா நடந்தாப் போதும். கடலைமிட்டாய் ஊர்க்காரிகள்கிட்ட மிட்டாயை விடச் சொல்ல மாட்டேன், ஒண்ணோட நிறுத்துங்க!

மூணு மாசம் வரலைன்னா, கர்ப்பமும் இல்லைன்னா, அரசு மருத்துவமனைக்குப் போங்க. அப்படியே விட்டா நாளாவட்டத்துல சர்க்கரை நோய் வரலாம், கர்ப்பப்பை உள்சுவர்ல புற்றுநோய் வரவும் வாய்ப்பு கூடும். பிள்ளையே பிறக்காதுங்கிறது பொய். வைத்தியம் பார்த்துப் பெத்தவங்க ஏராளம்.

ஒரே ஒரு வேண்டுகோள். நம்ம வீட்டுப் பிள்ளைகிட்ட இனி யாரும் எத்தனை கிலோன்னு கேக்க வேண்டாம். கடைசியா எந்தத் தேதியில வந்துச்சுன்னு பக்குவமாக் கேளுங்க. தள்ளிப்போயிருந்தா, கூடவே ஆஸ்பத்திரிக்குப் போங்க.