கேலிப்பெயர் கேட்கும் பிறப்புச் சான்று



தலைமை ஏற்க வந்தவருக்கு நம் மேடைகளில் முதலில் கிடைப்பது பொன்னாடை, அடுத்தது அடைமொழிகள். வரவேற்புரை நிகழ்த்திய பேராசிரியர் என் பெயருக்கு முன்னால் அடுக்கியவற்றில் பாதி எனக்கே புதிது. தலைவர்களை இயற்பெயரால் அழைப்பதையே குறைவாக நினைக்கும் நாடு இது. அண்ணாதுரை பேரறிஞரானார், கருணாநிதி கலைஞரானார், ராமச்சந்திரன் புரட்சித் தலைவரானார். பெயரை உயர்த்துவதில் இவ்வளவு அக்கறை உள்ளவர்கள், பெயரைத் தாழ்த்துவது எப்படி நடக்கிறது என்பதை ஆராய இரண்டு நாள் ஒதுக்கியிருப்பது நியாயமே.

அரசியல் கேலிப்பெயர் இனவெறியா, மரியாதைக் குறைவா என்று அமைப்பாளர்கள் கேட்டிருக்கிறார்கள். என் உதாரணங்கள் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து வரும். அங்கே இந்த விவாதம் வெளிப்படையாக நடக்கிறது. ஒளிப்பதிவும் சாட்சியமும் உண்டு.

முதலில் மரியாதைக் குறைவின் பக்கம் நின்று கொஞ்சம் பேச வேண்டும். ஆள்பவரைக் கேலி செய்யும் உரிமையை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். தொல்காப்பியர் வசைக்கு அங்கதம் என்று செய்யுளியலிலேயே இடம் கொடுத்தார். நேரே வைவதைச் செம்பொருள் என்றும், மறைத்து வைவதைப் பழிகரப்பு என்றும் பிரித்தும் வைத்தார். காளமேகத்தின் வசையை நாம் இன்றும் சொல்லிச் சொல்லி ரசிக்கிறோம். 1950-இல் கலிபோர்னியாவில் நடந்த செனட் தேர்தலில் ரிச்சர்ட் நிக்சன், தன்னை எதிர்த்த ஹெலன் கஹகன் டக்ளஸைக் கம்யூனிஸ்ட் சாயல் கொண்டவர் என்று காட்ட 'பிங்க் லேடி' என்றார். பதிலுக்கு அந்த அம்மையார் 'ட்ரிக்கி டிக்' என்ற பெயரைப் பரப்பினார். தேர்தலில் வென்றது நிக்சன். ஆனால் தந்திரக்காரர் என்ற அந்தப் பெயர் வாட்டர்கேட் வரை அவரைத் துரத்தியது. பிரிட்டனில் மார்கரெட் தாட்சர் கல்வி அமைச்சராக இருந்தபோது, 1971-இல் ஏழு வயதைத் தாண்டிய பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசப் பாலை நிறுத்தினார். 'பால் பறிப்பவர்' என்றார்கள். 1976-இல் சோவியத் ராணுவ நாளேடு அவரை 'இரும்புப் பெண்மணி' என்று ஏளனம் செய்தது. அவர் அதை உடனே ஒரு கூட்டத்தில் எடுத்துச் சூடிக்கொண்டார். செய்ததைக் குத்தும் பெயருக்கு இப்படி ஒரு வாசல் திறந்திருக்கும்: மறுக்கலாம், செயலை மாற்றிக்கொள்ளலாம், பெருமையாக அணிந்தும் கொள்ளலாம். பிறந்ததைக் குத்தும் பெயரில் அந்த வாசல் அடைபட்டுவிடுகிறது.

இவ்வளவு எளிதாக இருந்தால் கருத்தரங்கு வேண்டியதில்லை. 1861-இல் அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, ஜெனரல் மெக்கிளெல்லன் தன் மனைவிக்கு எழுதிய கடிதத்தில் குடியரசுத் தலைவர் லிங்கனைக் கொரில்லா என்று எழுதினார். லிங்கனின் நீண்ட கைகளையும் முகத்தையும் வைத்துப் பலரும் அப்படிச் சிரித்தார்கள். குரூரமான கேலிதான், ஆனாலும் லிங்கனைக் குரங்கு என்றதால் அமெரிக்காவின் எந்த வெள்ளைக்காரக் குடும்பமும் அன்றிரவு தூக்கம் இழக்கவில்லை. 2018-இல் நடிகை ரோசன் பார், ஒபாமாவின் ஆலோசகராக இருந்த வலேரி ஜாரெட்டை 'பிளானட் ஆஃப் தி ஏப்ஸ்' படத்தோடு இணைத்து ட்விட்டரில் எழுதினார். சில மணி நேரத்தில் ஏபிசி நிறுவனம் அவருடைய தொடரையே ரத்து செய்தது. விலங்கு ஒன்றுதான். லிங்கனைச் சொன்னபோது அது ஒரு மனிதரின் தோற்றத்தோடு நின்றது. ஜாரெட்டைச் சொன்னபோது, கறுப்பர்களை மனிதரில் குறைந்தவர்கள் என்று சொல்லி விற்றதும் வாங்கியதுமான ஒரு வரலாறு முழுவதும் கூடவே வந்தது. ஆகவே சொல்லை மட்டும் எடுத்து அகராதியில் வைத்துப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறவர்கள் ஏமாறுவார்கள்.

அப்படியானால் எதைப் பார்ப்பது? பேசியவரின் மனத்தையா? அங்கே போனால் எல்லாக் கதவுகளும் உள்ளே தாழிட்டிருக்கும். "சும்மா வேடிக்கைக்குச் சொன்னேன்" என்பதற்கு மேல் எந்த அரசியல்வாதியும் வாக்குமூலம் தரப்போவதில்லை. கேலிப்பெயருக்கு அடுத்த வாக்கியத்தைப் பாருங்கள் என்பேன்.

2006 ஆகஸ்ட் 11. வர்ஜீனியா மாநிலத்தின் மலைப்பகுதியில் பிரேக்ஸ் என்ற ஊர். செனட்டர் ஜார்ஜ் ஆலன் பிரசாரம் செய்கிறார். எதிர்க்கட்சி வேட்பாளர் ஜிம் வெப்பின் தரப்பிலிருந்து ஓர் இளைஞர் கேமராவோடு வந்து ஆலனின் கூட்டங்களைப் படம்பிடித்துக்கொண்டிருந்தார். இந்திய வம்சாவளிக் கல்லூரி மாணவர். ஆலன் கூட்டத்தின் முன் அவரைச் சுட்டிக்காட்டி 'மகாகா' என்றார், ஒருமுறைக்கு இருமுறை. அது ஒருவகைக் குரங்கின் பெயர். பெல்ஜிய காங்கோவில் ஆப்பிரிக்கரை வையப் பயன்பட்டதும் உண்டு. பொருள் தெரியாது, தானே கட்டிய சொல் என்று ஆலன் பின்னால் சொன்னார். அதை நம்பியே வைத்துக்கொள்வோம். அடுத்து அவர் சொன்னதற்கு அகராதியே தேவையில்லை: மகாகாவை அமெரிக்காவுக்கும் வர்ஜீனியாவின் நிஜ உலகத்துக்கும் வரவேற்போம் என்று கூட்டத்தைக் கேட்டுக்கொண்டார். அந்த மாணவர் பிறந்து வளர்ந்தது வர்ஜீனியாவில். வரவேற்ற ஆலன் பிறந்தது கலிபோர்னியாவில்! அந்தக் காட்சி நாடு முழுக்க ஓடியது. பிறகு ஆலன் மன்னிப்பும் கேட்டார். நவம்பரில் பத்தாயிரத்துக்கும் குறைவான வாக்குகளில் தோற்றார். செனட்டின் பெரும்பான்மை கைமாறியதில் அந்த ஒரு தொகுதிக்கும் பங்கு உண்டு.

கேலிப்பெயரும் 'நீ வெளியாள்' என்ற வாக்கியமும் சேர்ந்து வரும் இந்த இணைப்பை ஒருமுறை கண்டுகொண்டால் பிறகு எங்கும் தென்படும். பராக் ஒபாமாவின் நடுப்பெயரான ஹுசேனை எதிரிகள் அழுத்தி அழுத்திச் சொன்னார்கள். சொந்தப் பெயரையே வசையாக்கிய வேலை அது. கூடவே, அவர் அமெரிக்காவில் பிறந்தவர்தானா என்ற கேள்வியும் வந்தது. டொனால்ட் டிரம்ப் அதைத் தூக்கிப் பிடிக்க, 2011 ஏப்ரல் 27-இல் பதவியில் இருக்கும் குடியரசுத் தலைவர் தன் முழுப் பிறப்புச் சான்றிதழை வெளியிட வேண்டியதாயிற்று. 2024 ஜனவரியில் நிக்கி ஹேலி தன் சொந்தக் கட்சிக்குள்ளேயே டிரம்பை எதிர்த்து நின்றார். பஞ்சாபிச் சீக்கியக் குடும்பத்தில் பிறந்த அவருடைய பிறப்புப் பெயர் நிமரதா நிக்கி ரந்தாவா. டிரம்ப் அதை 'நிம்ப்ரா' என்று சிதைத்து எழுதினார். அதே மாதத்தில்தான், ஹேலி பிறந்தபோது பெற்றோர் குடிமக்களாக இல்லாததால் அவர் போட்டியிடவே தகுதியற்றவர் என்ற ஆதாரமற்ற வாதத்தையும் அவர் பரப்பினார்.

வெள்ளைக்காரர்கள் மட்டும் செய்வது என்று யாரும் நிம்மதி கொள்ள வேண்டாம். 2017-இல் மலேசியத் துணைப் பிரதமர் சாகித் ஹமிடி, மகாதீர் முகம்மதின் அடையாள அட்டையில் 'மகாதீர் அனாக் லெலாக்கி இஸ்கந்தர் குட்டி' என்று இருந்ததாகக் கட்சிக் கூட்டத்தில் சொன்னார். மகாதீரின் முன்னோர் கேரளத்திலிருந்து போனவர்கள் என்பது ஊரறிந்தது. மலேசிய ஆவணங்களில் பெரும்பாலும் இந்தியர் பெயரோடுதான் 'அனாக் லெலாக்கி' (இன்னாரின் மகன்) வரும். மலாய்க்காரரின் காவலர் என்று அதுவரை அறியப்பட்டவரை ஒரே சொல்லில் இந்தியராக்கிவிட்டால் போதும் என்பது கணக்கு. அந்த அரங்கின் சிரிப்பில் மகாதீருக்கு விழுந்த அடி பாதி. இந்தியனாக இருப்பதே ஒரு குற்றச்சாட்டு என்று கேட்டுக்கொண்டிருந்த மலேசியத் தமிழருக்கு மீதி.

நான்கு ஆள், நான்கு பெயர். ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு சான்றிதழ் கேட்கப்படுகிறது. மரியாதைக் குறைவான பெயர் "நீ மோசமானவன்" என்று சொல்லும். இன்னொன்று "நீ எங்கள் ஆள் இல்லை" என்று சொல்லும். இரண்டாவதை இனவெறி என்று அழைக்க எனக்குத் தயக்கம் இல்லை.

உச்சரிப்பை வைத்துச் செய்யும் கேலிக்கு வருகிறேன்; இது நம் வீட்டுச் செய்தி. 2020 அக்டோபரில் ஜார்ஜியா மாநிலம் மேக்கனில் நடந்த டிரம்பின் கூட்டத்தில், செனட்டர் டேவிட் பெர்டியூ கமலா ஹாரிஸின் பெயரை விதவிதமாகத் திரித்து, கமலா-மலா-மலா என்று இழுத்து, என்னவோ போகட்டும் என்று முடித்தார். கூட்டம் சிரித்தது. தவறாக உச்சரித்துவிட்டார், வேறு நோக்கம் இல்லை என்றது அவர் தரப்பு. ஹாரிஸ் செனட்டுக்கு வந்தது 2017 ஜனவரியில். இருவரும் மூன்றே முக்கால் ஆண்டு ஒரே அவையில் உட்கார்ந்தவர்கள். கமலா என்பதில் என்ன கஷ்டம்? ழகரம் உண்டா, றகரம் உண்டா? நாவு தவறியவர் ஒருமுறை தடுக்கி நிறுத்துவார். இவர் கைதட்டலுக்குக் காத்திருந்தார். மன்னார்குடிப் பக்கம் துளசேந்திரபுரத்திலிருந்து கிளம்பிய குடும்பத்தின் பேத்தி, கட்சி மாநாட்டு மேடையில் தன் சித்திகளை சித்தி என்றே தமிழில் சொன்னவர். அந்தப் பெயர் நாக்கில் புரளாததுபோல நடித்தது, அந்நியத்தன்மையை நடித்துக் காட்டியதுதான். பழிகரப்பு அங்கதத்துக்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் கிடைக்காது. சில மாதங்களில் இரண்டாம் சுற்றுத் தேர்தலில் பெர்டியூ தோற்றார். அதற்கு இந்தக் கேலிதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். அப்படி நினைப்பது நமக்கு இனிப்பாக இருக்கும், அவ்வளவே.

இதுவரை நான் சொன்ன அளவுகோலுக்கு அடங்காத ஒன்று உண்டு. செனட்டர் எலிசபெத் வாரன். தனக்கு செரோக்கி என்ற தொல்குடியின் வம்சத் தொடர்பு உண்டு என்று குடும்பக் கதையை நம்பிச் சொல்லிவந்தவர். 1986-இல் டெக்சாஸ் வழக்கறிஞர் பதிவு அட்டையில் இனம் என்ற இடத்தில் அமெரிக்க இந்தியர் என்று தன் கையால் எழுதியவர். டிரம்ப் அவருக்கு வைத்தது ஒரு தொல்குடிப் பெண்ணின் பெயர்: 'போகஹான்டஸ்'. இங்கே திசை தலைகீழ். "நீ எங்கள் ஆள் இல்லை" என்று இங்கே சொல்லவில்லை. "நீ சொல்லிக்கொள்ளும் ஆள் நீ இல்லை" என்று சொல்கிறார்கள். அதில் ஓர் உண்மையான குற்றச்சாட்டும் இருக்கிறது. 2018-இல் வாரன் மரபணுச் சோதனை முடிவை வெளியிட்டபோது அவரைக் கடுமையாகக் கண்டித்தது செரோக்கி தேசத்தின் நிர்வாகமே. தங்கள் குடியுரிமையை மரபணுச் சோதனை தீர்மானிக்காது என்றார்கள். பிறகு வாரன் அவர்களிடம் மன்னிப்புக் கேட்டார்.

அப்படியானால் அந்தக் கேலிப்பெயர் குற்றமற்றதா? 2017 நவம்பர் 27-இல் வெள்ளை மாளிகைக்குப் போவோம். இரண்டாம் உலகப் போரில் தங்கள் தாய்மொழியையே சங்கேதமாக்கிப் போராடிய நவஹோ வீரர்களுக்குப் பாராட்டு விழா. முதியவர்கள் நிற்கிறார்கள். பின்சுவரில் ஆண்ட்ரூ ஜாக்சனின் ஓவியம். தொல்குடிகளை அவர்கள் மண்ணிலிருந்து அகற்ற 1830-இல் சட்டம் போட்டவர் அவர். அந்த இடத்தில் நின்று டிரம்ப், வெகுகாலம் முன்பே இங்கே இருந்ததாகச் சொல்லப்படும் ஒருவர் நாடாளுமன்றத்தில் உண்டு, அவரைப் போகஹான்டஸ் என்பார்கள் என்று நகைச்சுவை செய்தார். வாரன் அந்த அறையிலேயே இல்லை. போகஹான்டஸ் என்பவர் ஆங்கிலேயர்கள் 1613-இல் சிறைபிடித்த பொவ்ஹாட்டன் பெண். ரெபேக்கா என்று பெயர் மாற்றப்பட்டு, 1617-இல் இங்கிலாந்திலேயே இருபது வயதை ஒட்டி இறந்தவர். ஒரு செனட்டரின் தவறை இடித்துரைக்க அவர் ஏன் வர வேண்டும்? பொய் சொன்ன ஐரிஷ்காரரைத் திட்ட ஐரிஷ் வரலாற்றின் ஒரு துயரப் பெண்ணை யாரும் அழைப்பதில்லையே. என் முடிவு இது: அந்த ஒரே சொல்லால் வாரனுக்கு நடந்தது மரியாதைக் குறைவு, எதிரே நின்ற நவஹோ முதியவர்களுக்கு நடந்தது இனவெறி. அமைப்பாளர்கள் 'இதுவா, அதுவா' என்று கேட்டதற்கு, யாருக்கு என்று முதலில் கேளுங்கள் என்பதே என் பதில்.

இனவெறி என்ற குற்றச்சாட்டை எடுத்ததற்கெல்லாம் வீசுவதும் எனக்கு உடன்பாடில்லை. உருவக் கேலி, பெண் தலைவர்கள் மேல் வீசப்படும் ஆபாசப் பெயர்கள் இவை தனித்தனி நோய்கள். எல்லாவற்றுக்கும் ஒரே சீட்டு எழுதும் வைத்தியர் வேண்டாம். ஆனால் நம் பக்கத்தை விட்டுவிட்டு அமெரிக்காவை மட்டும் பேசினால் இந்த அவைக்கே சிரிப்பு வரும். எம்.ஜி.ஆரை எதிரிகள் மலையாளி என்று மேடை மேடையாகச் சொன்னார்கள். அவர் கண்டி அருகே நாவலப்பிட்டியில் பிறந்த மலையாளக் குடும்பத்துப் பிள்ளை என்பது பொய்யில்லை. அதைத் தேர்தலில் எதற்குச் சொன்னார்கள் என்பதுதான் கேள்வி. 1977, 1980, 1984 என்று மூன்று முறை வாக்காளர்கள் அதைக் கண்டுகொள்ளவில்லை. மேடைக்காரர்கள் மட்டும் இன்னும் விடவில்லை. ஆளுக்குத் தக்கபடி தெலுங்கர், கன்னடர், மராட்டியர் என்று மாற்றிக்கொள்கிறார்கள். இவற்றை இனவெறி என்று சொல்லத் தயங்கும் ஆய்வாளர்கள் இங்கே இருக்கிறார்கள் என்று அறிவேன். ஹேலியையும் மகாதீரையும் பற்றி நான் சொன்னபோது தலையாட்டியவர்கள், இதில் எது வேறு என்று கட்டுரையில் எழுத வேண்டும்.

சட்ட அமர்வு முதலில் வருவதால் அதற்கு ஒரு வேலை தந்துவிட்டு அமர்கிறேன். தென்னாப்பிரிக்காவில் ரஸ்டென்பர்க் பிளாட்டினம் சுரங்கத்தில் வண்டி நிறுத்தும் தகராறு ஒன்றில், வெள்ளை ஊழியர் ஒருவர் சக ஊழியரை 'கறுப்பு மனிதன்' என்று சுட்டினார். அடையாளம் காட்டும் சொல்தானே என்றது தொழிலாளர் மேல்முறையீட்டு நீதிமன்றம். 2018-இல் அரசமைப்பு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பேசியவர் என்ன நினைத்தார் என்பதில் நிற்காமல், அந்த நாட்டின் வரலாறு தெரிந்த நியாயமான ஒருவர் காதில் அது எப்படி விழும் என்று பார்த்தது. நம்முடைய 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டமோ, பொதுமக்கள் பார்வைக்குட்பட்ட இடத்தில் இழிவுபடுத்தும் நோக்கத்துடன் அவமதித்தார் என்று காட்டச் சொல்கிறது. கமலா-மலா-மலா என்று இழுத்தவரை இந்த இரண்டு நாட்டு நீதிமன்றங்களிலும் நிறுத்தினால் என்ன ஆகும்? பழிகரப்புக்கு நோக்கத்தை எப்படி நிரூபிப்பது? முதல் அமர்வின் கட்டுரையாளர்கள் மேடைக்கு வரலாம். ஆளுக்கு இருபது நிமிடம், மணி அடித்தால் நிறுத்திவிடுங்கள்.