துதியும் முறுமுறுப்பும்

வேதாகமத்தில் 150 சங்கீதங்கள் உள்ளன. எபிரேய மொழியில் அந்நூலுக்குத் 'தெகில்லிம்', அதாவது துதிகள், என்று பெயர். மொழிபெயர்ப்பாளரான எம்மை இப்பெயர் வியப்பில் ஆழ்த்துவதுண்டு. ஏனெனில் அந்நூலில் புலம்பலும் முறையீடும் ஏராளம்.

13-ஆம் சங்கீதத்தை எடுத்துக்கொள்வோம். ஆறே வசனங்கள். இன்னும் எத்தனை காலம் என்னும் வினாவைப் பாடகர் நான்கு முறை கடவுளிடமே எழுப்புகிறார். இறுதியிலோ, பாடுவேன் என்கிறார். இடையில் பகைவர் அகன்றதாகவோ துன்பம் தீர்ந்ததாகவோ ஒரு சொல்லும் இல்லை. நிலைமை மாறுமுன்னரே அவர் துதியைத் தேர்ந்துகொண்டார்.

பாலைவனத்தில் இஸ்ரவேலர் முறுமுறுத்தது இத்தகைய முறையீடன்று. கையில் மன்னா இருக்க, எகிப்தின் வெள்ளரிக்காயையும் வெங்காயத்தையும் நினைத்து அழுதனர். அங்கே பட்ட அடிமைத்தனம் மறந்துபோயிற்று! அவர்கள் கூடாரங்களுக்குள் முறுமுறுத்தனர் என்கிறது 106-ஆம் சங்கீதம். கடவுளை நோக்கிச் சொல்லாமல், தமக்குள்ளேயே பேசிப் பெருக்கிய குறை அது. ஆராதனை முடிந்து வீடு சேருமுன்னரே பிரசங்கத்தின் நீளத்தையும் பாடகர் குழுவின் சுருதியையும் பழிக்கும் நமக்கு அந்தக் கூடாரம் புதிதன்று.

ஆயினும், 88-ஆம் சங்கீதம் துதிக்குத் திரும்பாமல் இருளிலேயே முடிகிறது. தொகுத்தோர் அதை விலக்கிவிடவில்லை. துதிகள் என்னும் பெயருக்குள்ளேயே அதற்கும் இடம் தந்தனர்.