கூடல் வீதியில் வந்த கூலியாள்



ஆவணி மூலத் திருவிழா நடைபெறும் இந்நாட்களில் ஆலவாய் அண்ணலின் அருள் விளையாட்டுகள் நாளுக்கு ஒன்றாக நம் கண்முன் நிகழ்ந்து வருகின்றன. கருங்குருவிக்கு உபதேசம் ஆயிற்று. நாரைக்கு முத்தி ஆயிற்று. இன்று நரி பரியாயிற்று. நாளை புட்டுத் திருநாள். இறைவன் கூடையும் மண்வெட்டியும் தாங்கி வையைக் கரைக்கு எழுந்தருளும் நாள். அதற்கு முதல் நாள் மாலையாகிய இப்பொழுது, அந்த ஒரு படலத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அது நிகழ்ந்த ஊரையும் ஊரின் தெருக்களையும் சிறிது சிந்திப்போம்.

பரஞ்சோதி முனிவர் மதுரைக் காண்டம், கூடற் காண்டம், திருவாலவாய்க் காண்டம் என மூன்று காண்டங்களில் 64 படலங்களைப் பாடியருளினார். அவருக்கும் முன்னரே பெரும்பற்றப்புலியூர் நம்பி இவ்வரலாறுகளைப் பாடியுள்ளார். இந்த 64 படலங்களையும் படிப்போர்க்கு ஓர் உண்மை புலப்படாமல் போகாது. பிற தலங்களில் இறைவன் மலைமேல் தோன்றினான், கானகத்தில் தோன்றினான், கனவில் தோன்றினான் என்று தலபுராணங்கள் பேசும். இங்கோ அவன் தெருவுக்கு இறங்கி வருகிறான். மாணிக்கம் விற்க வருகிறான். வளையல் விற்க வருகிறான். விறகு விற்க வருகிறான். அவன் மேற்கொண்ட தொழில்களை எண்ணிப் பார்த்தால், ஒரு பழைய ஊரின் கடைத்தெருவைச் சுற்றி வந்தது போல் இருக்கும். மதுரையில் இன்றும் வளையல்காரத் தெரு இருக்கிறது; வெண்கலக்கடைத் தெரு இருக்கிறது; பச்சரிசிக்காரத் தெரு இருக்கிறது. தொழிலால் பெயர் பெற்ற இத்தெருக்களில் நடக்கும்போது, இவற்றுள் எதில் அவன் கூடையை இறக்கி வைத்தானோ என்று நெஞ்சம் வினவுகிறது.

அண்டை அயலாரின் வழக்கில் தலையிடவும் அவன் தயங்கியதில்லை. தனபதி என்னும் வணிகன் மகப்பேறின்றித் தன் தங்கை மகனையே மகனாகக் கொண்டு, செல்வத்தையெல்லாம் அவனுக்கு ஆக்கிவிட்டுத் தவம் புரியச் சென்றான். அவன் போன பின் தாயத்தார் சொத்தைப் பறித்துக்கொண்டனர். தாயும் மகனும் சொக்கன் சந்நிதியில் நின்று அழுதனர். இறைவன் அந்த மாமனின் வடிவில் அறம் கூறும் அவையில் தோன்றி, குடிவழியையும் உறவினர் பெயர்களையும் வரிசையாக எடுத்துரைத்து வழக்கை வென்று கொடுத்தான். மாமனாக வந்து வழக்குரைத்த படலம் என்று இதற்குப் பெயர். ஒரு கைம்பெண்ணின் வீட்டு வழக்குக்கு ஊரில் ஒருவரும் சாட்சி சொல்ல முன்வராதபோது உலகநாதன் சாட்சிக்கு வந்தான் என்றால், அந்த ஊராரைப் பற்றி நாம் என்ன நினைப்பது? புராணம் அதை வெளிப்படக் கூறவில்லை. நாமும் அவ்வளவில் நிறுத்திக்கொள்வோம்.

இனி வந்தியின் வரலாற்றுக்கு வருவோம். திருவாதவூரடிகளைப் பாண்டியன் துன்புறுத்தியதனால் வையை பெருகியது. கரை உடைந்தது, வெள்ளம் நகரினுள் புகுந்தது. அரிமர்த்தன பாண்டியன் என்ன செய்தான்? உடைந்த கரையை அளந்து, நகரத்தார் அனைவருக்கும் இன்னார்க்கு இவ்வளவு என்று பங்கிட்டான். செல்வர்க்கும் பங்கு, வறியோர்க்கும் பங்கு. இவ்விடத்தை விரைந்து கடந்துவிடலாகாது. அரசன் ஏவலரைக் கொண்டு கரையை அடைத்திருக்கலாம். அவ்வாறு செய்யாமல் வீட்டுக்கு வீடு பங்கு வைத்தான். வெள்ளம் வந்தால் எல்லாருடைய வாயிலிலும் புகும். ஆதலால் எல்லாருடைய கையும் மண் சுமக்க வேண்டும் என்பது அவன் கணக்கு. கணக்கு நியாயமானதுதான். ஆனால் அதில் ஒரு குறை நேர்ந்தது. பிட்டு அவித்து விற்றுப் பிழைக்கும் வந்தி என்னும் முதியவளுக்கும் ஒரு பங்கு விழுந்தது. கணவன் இல்லை, மக்கள் இல்லை, சுற்றம் இல்லை. கூலிக்கு ஆள் வைக்கப் பொருளும் இல்லை. அளவுகோல் பிடித்தவனுக்கு அவளும் ஒரு குடி. அவ்வளவே.

அவள் நொந்து நின்ற வேளையில், அழுக்கு உடையும், தோளில் மண்வெட்டியும், தலையில் சும்மாட்டின்மேல் கூடையுமாக ஓர் இளைஞன், கூலி கொடுத்து வேலை கொள்வார் உண்டோ என்று கூவிக்கொண்டு வந்தான். உதிர்ந்த பிட்டே கூலி என்று பேச்சு முடிந்தது. அதன் பின் நிகழ்ந்ததை நம் ஊர்க் குழந்தைகளும் அறிவர். அவன் உண்டான், பாடினான், ஆடினான், உறங்கினான். பக்கத்துப் பங்கெல்லாம் அடைபட்டது. வந்தியின் பங்கு மட்டும் வாய் பிளந்து கிடந்தது. கண்காணிப்பாளர் முறையிட்டனர், மன்னன் பிரம்பை ஓங்கினான், அடி ஒருவன் முதுகில் விழுந்தது, வலி உலகத்து உயிர்கள் அனைத்தின் மேலும் பட்டது. அடித்தவன் முதுகிலும் பட்டது. ஒரு கூடை மண்ணை உடைப்பில் கொட்டிவிட்டு அவன் மறைந்தான், கரை உயர்ந்தது.

எல்லார் மேலும் பட்ட அந்த அடியைப் பற்றிச் சொற்பொழிவாளர்கள் தத்துவமாகப் பலவாறு விரித்துரைப்பர். அவன் எவ்வுயிர்க்கும் உயிராய் இருப்பவன் என்பதற்கு இதுவே சான்று என்பர், அது உண்மையே. எனினும் தெருவில் வாழ்வோர் கண்கொண்டு நோக்கினால் இதற்கு இன்னும் எளிய பொருள் ஒன்று தோன்றுகிறது. ஒரு வீட்டுப் பங்கு அடைபடாமல் நின்றால் ஊர் முழுதும் நனையும். வந்திக்கு ஆள் இல்லை என்பது வந்தியின் துயரம் மட்டுமன்று.

பங்கு வைத்துச் செய்தல் என்பது இந்நகருக்குப் புராணத்தோடு முடிந்து போன செய்தியுமன்று. கோயிலை நடுவாக வைத்து, ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி என்று திங்கட்பெயர் பூண்ட வீதிகள் சதுரத்துக்குள் சதுரமாகச் சூழ்ந்திருப்பதை அன்பர்கள் அறிவர். அவற்றுக்கும் வெளியே இருப்பது வெளி வீதி. அங்கே ஒரு காலத்தில் கோட்டை மதிலும் அகழியும் இருந்தன. 1840ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் மாவட்ட ஆட்சியராக இருந்த பிளாக்பர்ன், மதிலை இடித்து அகழியைத் தூர்க்க முற்பட்டார். இடித்துத் தூர்ப்பவர்க்கே அந்நிலம் உரியது என்று அறிவித்து ஊராரிடம் பகுதி பகுதியாக அப்பணியை ஒப்படைத்தார். அப்பணியில் துணை நின்ற பெருமாள் மேஸ்திரி, நில அளவையாளர் மாரட் ஆகியோர் பெயர்களை இன்றும் இரு வீதிகள் தாங்கி நிற்கின்றன. பிளாக்பர்னின் நினைவாக நிறுவப்பட்டதே விளக்குத்தூண். வந்தியின் காலத்தில் கரையைக் கட்டுவதற்குப் பங்கு. இவர்கள் காலத்தில் மதிலை இடிப்பதற்குப் பங்கு. நெருக்குண்டு கிடந்த ஊர் காற்று வாங்கியது. சௌராஷ்டிர நெசவாளர் வாழும் மகால் பகுதியும், காஜிமார் தெருப் பள்ளிவாசலும், கீழ வெளி வீதிப் புனித மரியன்னை ஆலயமும் இந்தச் சதுரங்களின் அங்கங்களே.

தேரோட்டமும் பங்குதான். சித்திரைத் திங்களில் ஓடும் தேர் மாசி வீதிகளில் ஓடுவது ஏன் என்று வெளியூர் அன்பர்கள் கேட்பதுண்டு. மாசியில் நடந்த விழாவைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றினார் என்பது வழிவழியாக வரும் செய்தி. திங்கள் மாறினும் வீதி மாறவில்லை. கீழமாசி வீதித் தேரடியிலிருந்து வடம் பிடித்தால், மளிகைக் கடைக்காரரும், மூட்டை சுமப்பவரும், மாணவரும், முதியவரும் ஒரே வடத்தில் கை வைக்கின்றனர். திருக்கல்யாணத்தன்று இன்னும் சிறப்பு. அந்த முகூர்த்த வேளையில் நம் தாய்மார்கள் வீடுகளில் தாலிக்கயிறு மாற்றிக்கொள்கின்றனர். வடக்கு வெளி வீதியில் சேதுபதி பள்ளி வளாகத்தில் கல்யாண விருந்து நடைபெறுகிறது. உண்டவர்கள் மீனாட்சிக்கு மொய் எழுதிவிட்டுச் செல்கின்றனர்! உலகாளும் அன்னைக்கு மொய் எழுதும் உரிமை வேறு எந்த ஊராருக்கு உண்டு? அவளைத் தங்கள் தெருப் பெண்ணாக நினைப்பதனால் வந்த உரிமை அது.

இவ்வளவு பெருமை பேசும் நாம் ஒன்றை மறைத்தல் தகாது. வடம் பிடித்த கைகள், வீதி கூட்டிய கைகள் பலவற்றுக்குக் கோயில் வாயில் நெடுங்காலம் அடைத்தே கிடந்தது. பங்கு உண்டு, படி ஏற உரிமை இல்லை என்ற நிலை. 1939ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 8ஆம் நாள் அ. வைத்தியநாத ஐயர், கக்கன் உள்ளிட்டோரை உடன் அழைத்துக்கொண்டு அம்மன் சந்நிதிக்குள் சென்றார். கோயில் நிருவாக அதிகாரி ஆர்.எஸ். நாயுடு துணை நின்றார். எதிர்ப்பு எழுந்தது, வழக்குகள் நடந்தன, சட்டம் வந்தது. கூலியாளாக வந்தவனைப் பிரம்பால் அடித்த பாண்டியன் தன் முதுகிலேயே அவ்வடியை உணர்ந்தான். நம் ஊருக்கு அந்த உணர்வு வர 1939 வரை ஆயிற்று என்பதை நாணத்தோடு எண்ண வேண்டியவர்களாக இருக்கிறோம்.

இன்றைய வீதிகளைப் பார்ப்போம். பாணபத்திரனுக்காக விறகு சுமந்து வந்த இறைவன், ஏமநாதன் தங்கியிருந்த வீட்டின் புறத்திண்ணையில் அமர்ந்து பாடினான். அதைக் கேட்ட ஏமநாதன் இரவோடு இரவாக ஊரை விட்டு ஓடினான் என்கிறது புராணம். நாளை மறுநாள் அந்த லீலை நிகழவிருக்கிறது. அந்த விறகாள் இன்று உண்மையாகவே வந்தால் எந்தத் திண்ணையில் அமர்வான்? மாசி வீதிகளிலும் ஆவணி மூல வீதிகளிலும் திண்ணைகள் இடிந்து கடை முகப்புகளாயின. வீடுகள் கிடங்குகளாகவும் தங்கும் விடுதிகளாகவும் மாறின. கடை வைப்பதை நாம் குறை கூறவில்லை; இறைவனே விற்க வந்த ஊர் இது. புதுமண்டபத்தில் தையற்பொறிகளின் ஓசையும், பக்தி நூற்கடைகளின் வரிசையும் நெடுங்காலம் விளங்கின. அண்மைக் காலத்தில் அக்கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்குப் பெயர்ந்தன. 2018 பிப்ரவரி 2ஆம் நாள் இரவு வீரவசந்தராயர் மண்டபத்துக் கடைகளில் மூண்ட தீ, பழைய கற்களுக்கும் கடைகளுக்கும் இடையே எவ்வளவு இடைவெளி வேண்டும் என்பதைக் கொடுமையாகவே கற்பித்துவிட்டது. அவையெல்லாம் ஒருபுறம் இருக்கட்டும். நாம் கவலைப்படுவது கடை மூடிய பின்னர் இத்தெருக்களில் யார் இருக்கிறார்கள் என்பதைப் பற்றி.

மக்கள் அண்ணாநகருக்கும் கே.கே. நகருக்கும் கடல் கடந்தும் குடியேற, பழைய வீட்டின் பின்கட்டில் தனியே தங்கிவிட்ட முதியோர் இவ்வீதிகளின் சந்துகளில் உண்டு. அவர்கள் வந்தியைப் போல் வறியவர்களாக இருக்க வேண்டும் என்பதில்லை. மாதந்தோறும் பணம் வரலாம். படி இறங்க ஒரு கை வராது. சுவாமி புறப்பாட்டின்போது வாயிலில் நின்று தட்டேந்த எண்ணுவர். கூட்டத்துக்கு அஞ்சிச் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பர். தலைமுறையாகச் செய்து வந்த மண்டகப்படியை விடாமல் நடத்த, ஊரை விட்டுச் சென்ற குடும்பத்தார் ஆண்டுக்கொரு முறை வந்து கூடுகிறார்கள், அது போற்றத்தக்கது. மற்ற நாட்களில் அவ்வீட்டு வாயிலில் கோலம் போடுவது யார்? எதிர்வீட்டார் போடுகிறார்களானால், அந்த எதிர்வீட்டாருக்கு நாம் தலை வணங்குகிறோம்.

வையையின் செய்தியும் ஒன்று உண்டு. கரை உடைந்தது என்று ஆள் தேடிய ஊர் இது. இன்று ஆண்டின் பெரும்பகுதி ஆற்றில் நீரைத் தேடுகிறது. 1959இல் வைகை அணை திறக்கப்பட்டது. அழகர் ஆற்றில் இறங்குவதற்கென்று அணையிலிருந்து நீர் விடுகின்றனர். மணல் தெரியும் ஆற்றில் சாக்கடை நீர் கலப்பதையும், குப்பை குவிவதையும் பாலத்தின்மேல் நின்று பார்ப்போர் அறிவர். மண் சுமந்தவனை வழிபடச் செல்லும் கூட்டம் அக்கரையிலேயே இலையையும் தாளையும் நெகிழிக் குவளையையும் போட்டுவிட்டு வருவது எவ்வகை வழிபாடோ நமக்கு விளங்கவில்லை.

நாளை சுவாமியும் அம்மையும் கோயிலிலிருந்து புட்டுத்தோப்பு மண்டபத்துக்கு எழுந்தருள்வர். அவர்கள் திரும்பி வரும்வரை கோயில் நடை சாத்தியிருக்கும். ஆகையால் உள்ளே வந்து காத்திருக்க வேண்டா, வீதியிலேயே காணலாம். சுவாமி செல்லும் வழியில் வீடுடையோர் வாயில் தெளித்துக் கோலமிட்டு, ஒரு நாற்காலியை வெளியே எடுத்து வைத்து, தெருவில் தனித்திருக்கும் முதியோரைக் கைபிடித்து அழைத்து வந்து அதில் இருத்துங்கள். நீர்மோர் தருவோர் எச்சில் குவளைகளை இடக் கூடை ஒன்றும் வைத்துவிடுங்கள். மண்டபத்தில் பிட்டுப் பிரசாதம் கிடைக்கும். நெரிசலில் எல்லாராலும் வாங்க இயலாது. வாங்கியவர்கள் அதில் பாதியைப் பொட்டலமாகக் கட்டி, வர இயலாத அடுத்த வீட்டாருக்குக் கொண்டு போய்க் கொடுங்கள். உதிர்ந்திருந்தாலும் குற்றமில்லை, அவன் கூலியாகக் கேட்டதும் உதிர்ந்ததைத்தான்.