எண்ணைத் தொடும் முன் பாத்திரத்தைப் பாருங்கள்

"பாடம் படிச்சா புரியுது சார், கணக்குன்னு வந்தா கை ஓட மாட்டேங்குது." வேதியியல் படிக்கிற பிள்ளைகள் அடிக்கடி சொல்றது இது. இன்னைக்கு மூணே மூணு கேள்வி எடுத்துக்குவோம். மூணுக்கும் ஒரே பழக்கம்தான்: எண்களைத் தொடுவதற்கு முன்னாடி, பாத்திரத்துக்குள்ளே என்ன நடக்குதுன்னு ஒரு வரி எழுதணும். பேப்பர், பேனா எடுத்துக்கோங்க.

முதல் கேள்வி. 25 டிகிரி செல்சியஸில் 100 கிராம் தண்ணீரில் அதிகபட்சம் 36 கிராம் உப்பு கரையும். இதுதான் உப்பின் கரைதிறன். அதே வெப்பநிலையில் 200 கிராம் தண்ணீரில் 90 கிராம் உப்பைப் போட்டுக் கலக்கினால், அடியில் எவ்வளவு தங்கும்?

அவசரத்தில் 90-லிருந்து 36-ஐக் கழித்து, 54 என்று எழுதிடுவோம். தப்பு. நம்ம வரியை எழுதுங்க: "தண்ணீர் தன்னால் முடிந்த அளவு உப்பைக் கரைக்கும், மிச்சம் அடியில் நிற்கும்." அப்போ கேள்வி தானா வரும், இந்தத் தண்ணீரால் எவ்வளவு முடியும்? தண்ணீர் இரண்டு மடங்கு. அதனால் கரைவது 72 கிராம், மிச்சம் 18 கிராம். மேலே நிற்பது தெவிட்டிய கரைசல். இன்னும் ரெண்டு ஸ்பூன் உப்பு போட்டாலும் அது உப்பை ஏத்துக்காது.

இரண்டாவதுல எண்ணே கிடையாது. தளதளன்னு கொதிக்கிற தண்ணீரில் வரும் குமிழிக்குள்ளே என்ன இருக்கு? நிறைய பேர் "ஹைட்ரஜனும் ஆக்சிஜனும்"னு எழுதுவாங்க. தண்ணீர் அந்த ரெண்டு தனிமங்களால் ஆன சேர்மம்தான், சரி. ஆனா அடுப்புச் சூட்டில் அது தனிமங்களாப் பிரியுதா? பிரிஞ்சா, சமையலறையில் ஹைட்ரஜன் இல்ல நிரம்பும்! மூலக்கூறுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகிப் போகுது, உடையல. குமிழிக்குள் இருப்பது நீராவி, அதுவும் தண்ணீரேதான். கொதிப்பதற்கு முன்னாடி பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டி நிற்கிற சின்னக் குமிழிகள் வேற. அது கரைந்திருந்த காற்று. சூடு ஏற ஏறத் தண்ணீரில் காற்றின் கரைதிறன் குறையும், அதனால் வெளியே வருது.

மூணாவது. 100 டிகிரியில் உள்ள 10 கிராம் வெந்நீர் கையில் படுது. அதே 100 டிகிரியில் 10 கிராம் நீராவி படுது. எது அதிகம் சுடும்? வெப்பநிலை ஒண்ணுதானே, ரெண்டும் சமம்னு தோணும். நம்ம வரி: "வெந்நீர் குளிரும், நீராவி முதலில் தண்ணீராக மாறும், பிறகு குளிரும்." நீராவிக்கு ஒரு படி கூடுதல், கவனிச்சீங்களா?

ரெண்டும் உடம்புச் சூடான 37 டிகிரிக்கு வரட்டும். வெந்நீர் தரும் வெப்பம் 10 × 4.18 × 63, சுமார் 2,630 ஜூல். நீராவி, தண்ணீராக மாறும்போதே கிராமுக்குச் சுமார் 2,260 ஜூல், ஆக 22,600 ஜூலைக் கொடுத்துடும். இதுதான் உள்ளுறை வெப்பம். அப்புறம் குளிரும்போது இன்னொரு 2,630. மொத்தம் 25,230 ஜூல். வெந்நீரைவிட ஒன்பது மடங்குக்கும் மேலே!

இது மார்க்குக்கு மட்டும் இல்லைங்க. இட்லிப் பானையின் மூடியை முகத்துக்கு எதிர்ப்பக்கமாச் சாய்த்துத் திறக்கணும்னு அம்மா சொல்வாங்க இல்லையா, அதுக்குள்ளே இருக்கிற கணக்கு இதுதான்.

மூணு இடத்திலும் நாம சறுக்கினது பெருக்கலில் இல்லை. நடப்பதைப் பார்க்காமல் எண்ணை எடுத்ததில்தான். "எனக்கு கெமிஸ்ட்ரி வராது"ன்னு நோட்டை மூடுறதுக்கு முன்னாடி, அந்த ஒரு வரியை எழுதிப் பாருங்க.

வீட்டுக்கு ஒண்ணு: முதல் கேள்வியில் அடியில் தங்கின 18 கிராமும் கரையணும்னா, இன்னும் எத்தனை கிராம் தண்ணீர் ஊத்தணும்? வரியை எழுதிட்டுக் கணக்கைப் போடுங்க. அடுத்த எபிசோடில் பார்ப்போம்.