நமது ஓட்டு எந்த ஊரில்?

(டெய்ரி ஃபார்மில் நடந்த சங்கக் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தண்டவாளமே இல்லாத தீவில் ரயில் டிக்கெட் போட்டுக் கொடுக்கிற குமாஸ்தா நாம். கப்பல் சென்னை போய்ச் சேர மூன்று நாள், அங்கிருந்து மதுரைக்கோ ராமநாதபுரத்துக்கோ ரயில். பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர் யார், தங்கச்சி கல்யாணத்துக்குப் போகிறவர் யார் என்பதெல்லாம் நமது கவுண்டருக்குத் தெரியும். 2024 ஏப்ரலில் சிலர் வந்து, "ஓட்டுப் போடணும் அண்ணே, 19-ந் தேதிக்குள்ளே ஊர் போய்ச் சேரணும்" என்று நின்றார்கள். அதே 19-ந் தேதிதான் இங்கேயும் ஓட்டு. தமிழ்நாட்டின் 39 தொகுதிகளுக்கும் அந்தமானின் ஒரே தொகுதிக்கும் ஒரே நாள். கப்பலில் இடம் கிடைத்தவர் போனார். கிடைக்காதவருக்கோ பெயர் அங்கே, உடம்பு இங்கே. அவர் எங்கும் ஓட்டுப் போடவில்லை.

அதைப் பேசத்தான் இன்று வந்தோம்.

நம் ஆட்களுக்கு அரசியல் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. இந்த டெய்ரி ஃபார்ம் டீக்கடையில் ராத்திரி பத்து மணிக்கு உட்கார்ந்து பாருங்கள். உதயசூரியனா, இரட்டை இலையா என்று கிளாஸ் உடைகிற அளவுக்கு வாதம் நடக்கும். தமிழ்நாட்டு மந்திரி சபையில் எந்த இலாகா யாருக்கு என்று ஒப்பிப்பார்கள். நமது வார்டு எத்தனாம் நம்பர் என்று கேட்டால் மட்டும் பேச்சு நின்றுவிடும்.

இங்கே சட்டசபை கிடையாது, முதலமைச்சர் கிடையாது. டில்லியிலிருந்து வரும் துணைநிலை ஆளுநரும் அதிகாரிகளும்தான். ஓட்டால் நாம் அனுப்பக்கூடிய ஆள் ஒரே ஒரு எம்.பி., அதற்குக் கீழே நகராட்சிக் கவுன்சிலர். அந்த எம்.பி. ஓட்டும் எளிதில் வந்துவிடவில்லை. 1952-இல் பிஷப் ரிச்சர்ட்சனை ஜனாதிபதி நியமித்தார். அதற்குப் பின்னும் நியமனம்தான். 1967-இல்தான் இந்தத் தீவுக்காரர் முதன்முதலாக எம்.பி.க்கு ஓட்டுப் போட்டார். நாடெல்லாம் மூன்று பொதுத்தேர்தல் பார்த்த பிறகு!

நாம் கொஞ்சம் பேர்தானே என்று நினைக்க வேண்டாம். 2011 குடிக்கணக்குப்படி இந்தத் தீவுகளில் நூற்றுக்குப் பதினைந்து பேர் தாய்மொழி தமிழ் என்று எழுதிக் கொடுத்தவர்கள். 2019 எம்.பி. தேர்தலில் காங்கிரஸ் வேட்பாளர் பா.ஜ.க. வேட்பாளரை வென்றது 1,407 ஓட்டில். ஒரு வாக்குச்சாவடிக்கு 1,500 பேர் வரை என்பது அப்போதைய கணக்கு. அதாவது ஒரே ஒரு சாவடிக்குள் அடங்குகிற ஆட்கள். அந்தத் தடவை மூன்றில் ஒரு பங்கு வாக்காளர் சாவடிப் பக்கமே வரவில்லை. 2024-லும் ஏறக்குறைய அதே கதை. அப்போது பா.ஜ.க. ஜெயித்தது. யார் ஜெயித்ததில் யாருக்குச் சந்தோஷம் என்பது வேறு விஷயம், அது டீக்கடைக்கு இருக்கட்டும்.

நகராட்சியைப் பாருங்கள். 2022 தேர்தலில் 24 வார்டில் காங்கிரசுக்குப் பத்து, பா.ஜ.க.வுக்குப் பத்து. மீதி நாலில் தெலுங்கு தேசத்துக்கு இரண்டு, தி.மு.க.வுக்கு ஒன்று, சுயேச்சை ஒன்று. இருபது பேர் எதிரெதிரே உட்கார்ந்திருக்க, நாலு பேர் கையில் நகராட்சி! 2023 மார்ச்சில் தலைவரானவர் செல்வி. பெயர் தமிழ்ப் பெயர், கட்சி தெலுங்கு தேசம், ஆதரவு பா.ஜ.க.வுடையது. ஊரில் இப்படி ஒரு கூட்டைச் சொன்னால் சிரிப்பார்கள். இங்கே கட்சிக் கொடியின் நிறம் கடல் தாண்டும்போதே கொஞ்சம் மாறிவிடுகிறது. அது சரியா தவறா என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் கோடையில் தனிகாரி அணையில் தண்ணீர் இறங்கி, குழாயில் முறை வைத்து விடும்போது குடத்தோடு நாம் போய் நிற்கிற வாசல் சென்னைக் கோட்டை இல்லை, இந்த நகராட்சிதான்.

"ஊரில் வீடு இருக்கிறது, பெயரை எடுத்தால் உரிமை போய்விடுமே" என்று பயப்படுகிறார்கள். வீட்டுப் பட்டா வேறு, வாக்காளர் பட்டியல் வேறு. பெயரை எடுப்பதால் ஒரு செங்கல்கூட நகராது. வீடு சொந்தமாக இருப்பதாலேயே ஒருவர் அங்கே வசிப்பவராகிவிட மாட்டார் என்றும், இரண்டு தொகுதியில் பெயர் கூடாது என்றும் 1950-ஆம் வருஷத்துச் சட்டமே சொல்கிறது. தெரிந்தே பொய்யாக எழுதிக் கொடுத்தால் ஒரு வருஷம் வரை சிறை. 2025 நவம்பரில் தொடங்கிய தீவிரத் திருத்தம் தமிழ்நாட்டிலும் இங்கேயும் ஒரே சமயத்தில் வந்தது. ஊரில் அண்ணன் ஒரு பாரத்தில் கையெழுத்துப் போட, இங்கே வீட்டுக்காரி இன்னொன்றில் போட்டதை நாம் கண்டோம். அறியாமல் செய்தது. ஆனால் அதிகாரி முன்னால் அறியாமை என்று சொல்லி நிற்பது சங்கடம். வேறு சிலரோ இரண்டு ஊரிலும் ஆள் இல்லை என்று பெயர் போய் நிற்கிறார்கள்.

பிறரைச் சொல்வானேன், நமது வீட்டிலேயே நடந்தது. வாடகை வீடு மாறினோம். "எட்டாம் நம்பர் பாரம் கொடுத்துவிட்டீர்களா?" என்று வீட்டில் மூன்று தடவை கேட்டார்கள். ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிற நாம், "நாளைக்கு" என்றோம். 2024-இல் வரிசையில் ஒரு மணி நேரம் நின்ற பிறகு அவர்கள் பெயர் அந்தச் சாவடியில் இல்லை. நமது விரலில் மை, அவர்கள் விரலில் இல்லை. வீடு வரும் வரை அவர்கள் பேசவில்லை. இன்றைக்கும் விரலைப் பார்த்தால் அந்த நடைதான் ஞாபகம் வருகிறது.

தாய்மார்களே, உங்களில் எத்தனை பேருடைய பெயர் இன்னும் பிறந்த ஊரில், அப்பா பெயருக்குக் கீழே கிடக்கிறது? கல்யாணமாகி, பிள்ளை பள்ளிக்கூடம் போகிற வயது வந்தாயிற்று.

டி.ஆர்.எம். தோழர்களும் கட்டட வேலைக்காரர்களும் கேட்கிறார்கள்: ஓட்டுக்குப் போனால் கூலி போகுமே? போகாது. வாக்குப்பதிவு நாளில் தினக்கூலிக்கும் சம்பளத்தோடு விடுமுறை உண்டு, மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 135-பி. மறுக்கும் முதலாளிக்கு அபராதம் 500 ரூபாய் வரை. அபராதம் சின்னதுதான், மேஸ்திரி சிரிப்பார். தனியாகக் கேட்டால் மறுநாள் வேலை இல்லை என்பார். அதனால் முதல் வாரமே பத்துப் பேராகச் சேர்ந்து கேளுங்கள். சங்கமும் கூட வரும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை இதே இடத்தில் பாரங்களோடு இருப்போம். புதிதாகச் சேர ஆறாம் நம்பர், ஊரிலிருந்தோ வேறு வீட்டிலிருந்தோ மாற எட்டாம் நம்பர். வசிக்கிற இடத்துக்கு ஒரு அத்தாட்சி, ஒரு போட்டோ, பழைய வாக்காளர் அட்டை இருந்தால் அதுவும். எழுதத் தெரியாதவர்களுக்கு நாமே எழுதித் தருவோம். நமது வீட்டுப் பாரத்தைத்தான் முதலில் எழுதப் போகிறோம்.