கதிரவன் தரும் மின்சாரம்: இல்லத்திற்கும் ஆலயத்திற்கும்

(திருவிழாவையொட்டி நடைபெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

நவக்கிரக சந்நிதியில் நடுநாயகமாக வீற்றிருப்பவர் சூரிய பகவான். தைத் திங்கள் முதல் நாளன்று புதுப்பானையில் பொங்கலிட்டு அவரை வணங்கும் மரபைக் கடல் கடந்து வந்த பின்னும் நம்மவர் கைவிடவில்லை. அந்தக் கதிரவனின் ஒளியிலிருந்தே மின்சாரம் எடுத்து விளக்கேற்றலாம், விசிறி சுழற்றலாம், நீர் இறைக்கலாம் என்பது இன்று யாவரும் அறிந்த செய்தி. ஆயினும் இந்த மின்சாரம் யாருக்குக் கிட்டுகிறது, எந்தக் கூரையில் அதனை அமைப்பது, அமைத்த பின் அதனைப் பேணுவது யார் என்னும் மூன்று வினாக்கள் எஞ்சி நிற்கின்றன. ஆலயங்கள் பலவும் இத்துறையில் நாட்டம் காட்டும் இந்நாளில் இவற்றுக்கு விடை காண்பது அவசியமாகும்.

அளந்து கொடுத்த வெளிச்சம்

கெடா மாநிலத் தோட்டங்களில் மின்சாரம் என்பது நெடுங்காலம் அளந்து கொடுக்கப்பட்ட பொருளாகவே இருந்தது. முதலில் மண்ணெண்ணெய் விளக்கு. பிறகு பல தோட்டங்களில் நிர்வாகம் இயந்திரம் வைத்து, மாலை வேளையில் சில மணி நேரம் மட்டும் லயங்களுக்கு மின்சாரம் வழங்கியது. இயந்திரம் நின்றதும் லயம் முழுவதும் இருண்டுவிடும். பிள்ளைகள் அதற்குள் பாடம் படித்தாக வேண்டும். தாய்மார்கள் அதற்குள் மறுநாள் பால்மரம் வெட்டப் போவதற்கு வேண்டியவற்றை எடுத்து வைத்தாக வேண்டும். வெளிச்சத்தின் சாவி பிறர் கையில் இருந்த காலம் அது.

1990ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டு வசதிச் சட்டம், தொழிலாளர் குடியிருப்புகளுக்குக் குழாய் நீரும் போதிய மின்சாரமும் வழங்கும் கடமையை முதலாளிகள்மீது சுமத்தியது. இன்று மின்சாரம் இல்லாத வீட்டைக் காண்பது அரிது. ஆனால் மின் கட்டணம் என்னும் சுமை மாதந்தோறும் வந்து சேர்கிறது. வீடுகளைப் போலவே ஆலயங்களும் அச்சுமையைத் தாங்குகின்றன.

கெடா மண்ணில் சூரிய மின்சாரம்

சூரிய மின்சாரத்தைப் பொறுத்தவரை கெடா பின்தங்கிய மாநிலம் அன்று. மலேசியாவின் வடபுல மாநிலங்கள் வெயில் மிகுந்தவை. தைப்பூசக் காலமாகிய ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் இங்கே மழை குறைந்து வானம் தெளிந்திருக்கும். கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவில் அமெரிக்க நிறுவனமான ஃபர்ஸ்ட் சோலார் 2008ஆம் ஆண்டில் சூரிய மின்தகடுகளை உற்பத்தி செய்யத் தொடங்கியது. அங்கு வேலைக்குச் சென்றவர்களில் தோட்டத்துப் பிள்ளைகளும் உண்டு.

அடுத்துப் பெரிய மின் நிலையங்கள் எழுந்தன. குரூணில் 2018ஆம் ஆண்டின் இறுதியிலும், கோலக்கெட்டிலில் 2019ஆம் ஆண்டிலும், புக்கிட் செலம்பாவில் 2020ஆம் ஆண்டிலும் சூரிய மின் நிலையங்கள் இயங்கத் தொடங்கின. கோலக்கெட்டில் நிலையத்தின் திறன் 50 மெகாவாட்; புக்கிட் செலம்பாவ் நிலையத்தின் திறன் 30 மெகாவாட். சாதாரண வீட்டுக் கூரையில் பொருத்தப்படுவது 3 அல்லது 4 கிலோவாட்தான். 1,000 கிலோவாட் சேர்ந்தது ஒரு மெகாவாட் என்பதை எண்ணிப் பார்த்தால் இந்நிலையங்களின் பருமன் விளங்கும்.

ரப்பரும் செம்பனையும் சூழ்ந்த இவ்வட்டாரத்தில் இத்தகைய நிலையங்கள் எழுந்தது பெருமைக்குரியதே. ஆனால் அங்கே விளையும் மின்சாரம் நாட்டின் மின்கம்பி வழியே எல்லா இடங்களுக்கும் செல்கிறது. அதனால் பக்கத்து லயத்தின் கட்டணம் குறைந்துவிடாது. கட்டணம் குறைய வேண்டுமாயின் தகடு தன் கூரையில் இருக்க வேண்டும்.

தகடு இயங்கும் விதம்

ஒளி பட்டால் சில பொருள்களில் மின்சாரம் பிறக்கும் என்பதை 1839ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் பெக்கரல் கண்டறிந்தார். 1954ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தினர் சிலிக்கனால் ஆன மின்கலத்தைச் செய்து காட்டினர். அது தன்மேல் விழுந்த ஒளியில் நூற்றுக்கு 6 பங்கை மட்டுமே மின்சாரமாக்கியது. இன்று கடைகளில் விற்கும் தகடுகள் நூற்றுக்கு 20 பங்குக்கும் மேல் மாற்றுகின்றன.

மின்சாரம் தருவது ஒளியே, வெப்பம் அன்று. தகடு சூடேற ஏற அதன் விளைச்சல் குறைகிறது. ஆகவே கூரைக்கும் தகட்டுக்கும் இடையே காற்றோட்டத்திற்கு இடைவெளி விட வேண்டும். தகட்டிலிருந்து வருவது நேர்மின்னோட்டம். அதனை வீட்டுச் சாதனங்களுக்கு ஏற்ற மாறுமின்னோட்டமாக ஆக்கித் தருவது இன்வெர்ட்டர் என்னும் கருவி.

நம் நாட்டில் ஒரு கிலோவாட் திறனுள்ள தகடுகள் நாளொன்றுக்குச் சராசரியாக 3 முதல் 4 யூனிட் வரை மின்சாரம் தரும். அவற்றுக்கு ஏறத்தாழ 5 சதுர மீட்டர் கூரை போதும். மாதம் 300 யூனிட் செலவாகும் இல்லத்திற்கு நாளொன்றுக்கு 10 யூனிட் தேவை; ஆகவே 3 கிலோவாட் ஏறக்குறைய ஈடுகொடுக்கும். எந்த விற்பனையாளர் என்ன சொன்னாலும் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பது நன்று.

பகல் மின்சாரமும் இரவுத் தேவையும்

கதிரவன் பகலில் கொடுக்கிறான். ஆலயத்தின் பெருந்தேவையோ மாலைப் பூசையிலும் இரவுத் திருவிழாவிலும் எழுகிறது. இந்த இடைவெளியை நிரப்ப இரண்டு வழிகள் உள்ளன.

முதல் வழி, பகலில் மிஞ்சுவதை மின்கம்பிக்கு அனுப்பிக் கட்டணத்தில் கழித்துக்கொள்வது. இதற்கான நிகர அளவீட்டுத் திட்டம் மலேசியாவில் 2016ஆம் ஆண்டில் தொடங்கியது. 2019 முதல் ஒரு யூனிட்டுக்கு ஒரு யூனிட் கழிக்கும் முறை வந்தது. 2021இல் தொடங்கிய அதன் மூன்றாம் கட்டத்திற்கு விண்ணப்பிக்கும் காலம் 2025 ஜூன் 30ஆம் நாளோடு முடிந்தது. அதற்கு மாற்றாக 2026ஆம் ஆண்டுக்கென அறிவிக்கப்பட்ட திட்டத்தின் பெயர் சோலார் அத்தாப். அத்தாப்பு வீட்டில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அச்சொல்லின் பொருளை விளக்க வேண்டியதில்லை. விதிகள் காலத்துக்குக் காலம் மாறுவதால், 2011ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட சேடா என்னும் அரசு ஆணையத்திடம் கேட்டறிந்த பின்னரே நிர்வாகக் குழு முடிவெடுக்க வேண்டும்.

இரண்டாம் வழி, மின்கலத்தில் சேமிப்பது. இதற்குச் செலவு கூடும். ஆனால் பலர் அறியாத உண்மை ஒன்று உண்டு. மின்கம்பியோடு மட்டும் இணைந்த சூரிய அமைப்பு, மின்தடை ஏற்படும்போது தானாகவே நின்றுவிடும். கம்பியில் பழுது பார்ப்பவரின் உயிரைக் காக்கவே அவ்வாறு அமைத்துள்ளனர். நல்ல வெயில் அடிக்கும்போதும் மின்தடையானால் மின்விசிறி சுழலாது. எனவே கருவறை விளக்கு, ஒலிபெருக்கி, வழிகாட்டும் விளக்குகள் ஆகியவை தடையின்றி எரிய வேண்டுமாயின், அவற்றுக்கு மட்டுமேனும் சிறிய மின்கலம் வைப்பது தகும்.

செலவில்லாத சேமிப்பும் ஒன்று உண்டு. நீரேற்றும் மோட்டாரைப் பகலில் ஓட்டி மேல்தொட்டியை நிரப்பிவிட்டால், மாலை அபிஷேகத்திற்கும் அன்னதானப் பாத்திரங்கள் கழுவுவதற்கும் நீர் ஆயத்தமாக இருக்கும். குளிர்பதனப் பெட்டி, மண்டப விசிறிகள், அலுவலகக் கருவிகள் ஆகிய பகல் வேலைகளைச் சூரியனிடம் ஒப்படைத்தாலே கட்டணத்தில் கணிசமான பங்கு குறையும்.

பிற இடங்களில் நடந்தவை

தமிழ்நாட்டில் 2011ஆம் ஆண்டில் அரசு, சூரிய மின்சக்தியுடன் கூடிய பசுமை வீடுகள் திட்டத்தைத் தொடங்கியது. ஊரகத்தில் வாழும் ஏழைக் குடும்பங்களுக்கு 300 சதுர அடியில் வீடு கட்டித் தந்து, ஒவ்வொன்றிலும் சூரிய ஒளியால் எரியும் 5 விளக்குகளை அமைப்பது அதன் நோக்கம். குஜராத்தில் பழமையான சூரியன் கோயில் அமைந்துள்ள மோதேரா கிராமம், 2022 அக்டோபரில் இந்தியாவின் முதல் முழுநேரச் சூரிய மின் கிராமமாக அறிவிக்கப்பட்டது. அங்கே 1,300க்கும் மேற்பட்ட வீடுகளின் கூரையில் தகடுகள் உள்ளன. தரையில் ஒரு பொது மின் நிலையமும், இரவுக்கெனச் சேமிக்கும் மின்கலங்களும் உள்ளன. வீட்டுக்கொரு பங்கும் ஊருக்கொரு பொதுப் பங்கும் சேர்ந்திருப்பதே அக்கிராமத்தின் சிறப்பு.

யாருடைய கூரை?

மூன்று வினாக்களில் கடினமானது இதுவே. சொந்தத்தில் மாடி வீடோ வரிசை வீடோ உடையவர் தம் கூரையில் தகடு பொருத்திப் பயன் பெறலாம். ஆனால் லயத்து வீடு தோட்டத்திற்குச் சொந்தம். தோட்டம் துண்டாடப்பட்டபின் மலிவு விலை அடுக்குமாடிக்குக் குடியேறியவர்களுக்குத் தனிக் கூரையே இல்லை. கட்டணச் சுமையை மிகுதியாக உணர்பவர்கள் இவர்களே. சூரியன் தரும் பயன் எட்டாமல் போவதும் இவர்களுக்கே.

இவர்கள் அனைவருக்கும் பொதுவான கூரை எது? ஆலய மண்டபத்தின் கூரை, தமிழ்ப்பள்ளியின் கூரை. அங்கே விளையும் மின்சாரத்தால் மிஞ்சும் பணம் அன்னதானமாக, மாலை நேர வகுப்பாக, ஏழை மாணவரின் கல்வி உதவியாகத் திரும்பி வந்தால், கூரையில்லாதவர்க்கும் அதில் பங்கு கிடைக்கிறது. மிஞ்சும் தொகை எவ்வளவு, எதற்குச் செலவாயிற்று என்பதை ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் தனிக் கணக்காக வைக்க வேண்டும். இல்லையேல் அது பொதுச் செலவில் கரைந்துவிடும்.

இங்கு ஓர் எச்சரிக்கை. தகடுகள் 25 ஆண்டுகள்வரை உழைப்பவை. ஆலயம் நிற்கும் நிலத்தின் உரிமை உறுதிப்படாத இடங்களில் பெருந்தொகையைக் கூரையில் முடக்குவது அறிவுடைமை ஆகாது. அத்தகைய ஆலயங்கள் முதலில் நிலப் பிரச்சினையைத் தீர்க்க முயல வேண்டும். அதுவரை கழற்றி எடுத்துச் செல்லக்கூடிய சிறிய அமைப்போடு நிறைவு கொள்ளலாம். பழைய கல்நார்க் கூரையானால் முதலில் கூரையை மாற்ற வேண்டும்.

பேணுவது யார்?

புதிய பொருளுக்கு உபயம் செய்ய அன்பர்கள் முன்வருவர்; பராமரிப்புக்கு உபயம் செய்ய ஆள் கிடைப்பது அரிது. சூரியத் தெருவிளக்குகள் சில ஆண்டுகள் எரிந்து, மின்கலம் தேய்ந்தபின் வெறும் கம்பமாக நிற்பதற்கு இதுவே காரணம். தகடு 25 ஆண்டுகள் நிலைத்தாலும் இன்வெர்ட்டரை 10 முதல் 15 ஆண்டுகளுக்குள் மாற்ற நேரிடும். அதற்கான தொகையை முதல் மாதத்திலிருந்தே தனியே ஒதுக்க வேண்டும்.

குழல் விளக்கில் உபயதாரர் பெயரைப் பெரிதாக எழுதி வெளிச்சத்தை மறைக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. தகட்டின்மீது அவ்வாறு எழுதலாகாது. தகடுகள் சங்கிலிபோல் இணைக்கப்படுவதால், ஒன்றன்மேல் விழும் நிழல் அதனோடு சேர்ந்தவற்றின் விளைச்சலையும் பாதிக்கக்கூடும். உபயதாரர் பெயர்களை மண்டபச் சுவரில் கல்வெட்டாகப் பொறிக்கலாம். கோபுரம், கொடிமரம், தென்னை ஆகியவற்றின் நிழல் எந்நேரம் எங்கே விழுகிறது என்பதைக் காலை முதல் மாலைவரை பார்த்த பிறகே இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பறவை எச்சத்தையும் தூசியையும் அவ்வப்போது கழுவிவிட வேண்டும்.

பாதுகாப்பு அனைத்திலும் முதன்மையானது. வெயில் உள்ளவரை தகட்டிலிருந்து மின்சாரம் வந்துகொண்டே இருக்கும். முதன்மை விசையை அணைத்தாலும் தகட்டுக் கம்பியில் மின்னழுத்தம் நிற்கும். திருவிழா அலங்கார விளக்குகளுக்காக அக்கம்பிகளில் கைவைப்பது உயிருக்கே ஆபத்து. மின்னல் மிகுந்த நாடாகையால் மின்னல் காப்புக் கருவியும் இன்றியமையாதது. இப்பணிகளைத் தகுதிச் சான்று பெற்றவர்களிடமே ஒப்படைக்க வேண்டும்.

ஆலய இளைஞர் பகுதியினர் இருவர் பொறுப்பேற்று, நாள்தோறும் விளைந்த யூனிட்டை ஒரு புத்தகத்தில் குறித்து வந்தால் போதும். எண் திடீரெனக் குறைந்தால் பழுது என்று அன்றே தெரிந்துவிடும். பதிவேடு எழுதும் பிள்ளைக்கு அது மின்னியல் கல்வியின் முதற்பாடமாகவும் அமையும்.

முடிவுரை

ஆலயத்தில் தூண்டாமணி விளக்கு இரவும் பகலும் எரிவது, எண்ணெய் வார்க்கவும் திரி மாற்றவும் ஒருவர் இருப்பதால்தான். சூரியத் தகடும் அத்தகையதே. நிலம் உறுதியாகட்டும், கூரை வலுப்பெறட்டும், பராமரிப்பு நிதி ஒதுக்கப்படட்டும், பொறுப்பாளர் பெயர் கூட்டக் குறிப்பில் பதிவாகட்டும். இந்நான்கும் நிறைவேறிய பின் தகடு ஏறினால், அதன் பயன் பேரப்பிள்ளைகள் காலம்வரை நீடிக்கும். கெடா வட்டாரத்து ஆலயங்களும் தமிழ்ப்பள்ளிகளும் இவ்வழியில் நடைபோட்டு, இல்லாதவர் இல்லத்திற்கும் அந்த ஒளியின் பயனைக் கொண்டு சேர்க்க எல்லாம் வல்ல இறைவன் அருள்புரிவானாக.